மயில் தைத்த உறை

என் அலுவலக மேசையின் கீழ் லாச்சியில் போன கிழமை வரைக்கும் ஒரு துணி உறை கிடந்தது. வெளிர் நீலத் துணி. முன்பக்கத்தில் நூலால் தைத்த ஒரு மயில். தைத்த, ஏதோ ஒரு பிள்ளையின் தாய்க்கு இடம் பிடிபடவில்லை போலும். தோகை வலப்பக்கம் முழுதாக விரிந்திருக்கும், இடப்பக்கம் பாதியில் நின்றுவிடும். கொண்டைக்கு மேலே உள்ளங்கை அளவில் ஒரு மஞ்சள் கறை. எத்தனை தரம் தோய்த்தும் போகவில்லை. கணினித் திரை ஒன்றுக்குப் போடுவதற்காகத் தைத்த அந்த உறை, இந்தப் பதினைந்து வருடத்தில் நான் மாற்றலாகிப் போன ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் என்னோடு வந்திருக்கிறது. போன கிழமை ஒரு காலையில் அதை எடுத்து மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். ஆசையில் அல்ல, வெட்கத்தில்.

நீர்வேலியில் நான் இப்போது அதிபராக இருக்கும் ஆரம்பப் பாடசாலைக்குப் பெரிய தொடுதிரை ஒன்று வந்திருக்கிறது. விரலால் தொட்டால் எழுதும், படம் பெருக்கும், பாட்டுப் பாடும். வந்து இரண்டு மாதமாகிறது. அதைச் சுற்றியிருந்த பொலித்தீனை நான் கழற்றவிடவில்லை. வாழைத் தோட்டத்துப் புழுதி வரும் என்றேன், பூனை ஏறும் என்றேன், திறப்பு விழா வைத்த பிறகு பார்ப்போம் என்றேன். நாலாம் வகுப்புப் படிப்பிக்கும் இளம் ஆசிரியை மூன்று தடவை கேட்டுவிட்டாள். மூன்றாம் தடவை, “பொறும் பிள்ளை, பழுதாப்போனால் ஆர் பதில் சொல்லுறது?” என்றேன். சொன்ன வாய் மூடவில்லை, நானே திடுக்கிட்டேன். அது என் வாக்கியமே அல்ல. என் முதல் பள்ளிக்கூடத்து அதிபரின் வாக்கியம் அது. அந்த வாக்கியத்தோடு மாதக்கணக்காகச் சண்டை பிடித்த மனுஷி ஒருவரும் அங்கே இருந்தார். அவரை நாங்கள் மூன்றாம் வகுப்பு ரீச்சர் என்போம்.

அது கரவெட்டிப் பக்கம், வெங்காயத் தோட்டங்களுக்கும் ஒரு பனங்கூடலுக்கும் நடுவில் இருந்த சின்னப் பள்ளிக்கூடம். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து நாற்பது பிள்ளைகள்தான். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளை மாதக் காசு கட்டி வான் வண்டியில் ஏற்றிப் பெரிய பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். எங்களிடம் வந்தவர்கள் தோட்டக்காரரின் பிள்ளைகள், மேசன்மாரின் பிள்ளைகள், வானுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள். இன்னும் கொஞ்சப் பேர் குறைந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள் என்ற கதை நான் வேலையேற்ற முதல் நாளே என் காதில் விழுந்தது. மூடினால் இந்தப் பிள்ளைகள் வெகுதூரம் நடக்க வேண்டும், அல்லது படிப்பை விட்டு நிற்க வேண்டும். நின்றுபோன பிள்ளைகளை அந்த ஊர் முன்னமே கண்டிருந்தது.

நான் அங்கே போய்ச் சேர்ந்த வருடம்தான் வெளிநாட்டில் இருந்த பழைய மாணவர்கள் நான்கு கணினிகளை அனுப்பியிருந்தார்கள். நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, நாடா வெட்டி, படம் எடுத்து அனுப்பினோம். அதன் பிறகு தாய்மார் கூடி உறை தைத்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊர்களில் பெறுமதியான எதற்கும் உறை போட்டுத்தான் பழக்கம். ரீவிக்கு உறை, தையல் மெசினுக்கு உறை, நல்ல கதிரைக்கு உறை. விருந்தாளிக்கென்று வாங்கிய கோப்பைகளோ கண்ணாடி அலுமாரிக்குள்ளேயே பிறந்து அங்கேயே கிழமாகிப் போகும். கணினிகளுக்கும் அந்த மரியாதை கிடைத்தது. ஒன்றுக்கு ரோசாப்பூ, ஒன்றுக்குத் தாமரை, ஒன்றுக்கு அன்னம், ஒன்றுக்கு மயில். அறையைப் பூட்டித் திறப்பை அதிபர் தன் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கிழமைக்கு ஒருமுறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கையைக் கட்டிக்கொண்டு, உறைகளைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

கணினிப் படிப்பு முடித்த ஒரே ஆள் நான் என்பதால் அந்த அறை என் பொறுப்பு. அப்போது நான் செய்ததை எழுத இப்போதும் கூசுகிறது. கரும்பலகையில் கணினியின் படம் கீறினேன். திரை, விசைப்பலகை, மவுஸ் என்று அம்புக்குறி போட்டேன். பிள்ளைகள் அதைக் கொப்பியில் பார்த்துக் கீறி நிறம் தீட்டினார்கள். மவுஸுக்குச் சிவப்பு அடித்த ஒருத்திக்கு நான் பிழை போட்டது நினைவிருக்கிறது. பக்கத்து அறையில் நான்கு கணினிகள் சும்மா இருந்தன.

ஒரு நாள் மூன்றாம் வகுப்பு ரீச்சர் அந்தக் கொப்பிகளில் ஒன்றை எடுத்துப் புரட்டினார். நாற்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு சைக்கிளில் வருவார். குரல் மதிலுக்கு வெளியே கேட்கும், வாயும் கொஞ்சம் நீளம். கணினியைத் தொட்டும் பார்த்ததில்லை. கொப்பியை மூடி என் கையில் தந்துவிட்டு, “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். நீர் அதுக்கு நிறமும் அடிப்பிச்சிருக்கிறீர் பிள்ளை” என்றார். எனக்குச் சுள்ளென்றது. இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகு வாணி விழா வந்தது. நவராத்திரிக்குப் புத்தகங்களோடு கணினிகளையும் பூசையில் வைக்க வேண்டும் என்று அதிபர் சொன்னார். அதிபர் நல்ல மனுஷன். ஒரு பிள்ளைக்குக் கை ஓங்கி அறியாதவர், பக்திமான். கணினிகளுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார், பூ வைத்தார். கடைசி நாள் உறைகளை நெற்றிவரை தூக்கிவிட்டு, மாவிலையால் மஞ்சள் தண்ணீரைத் தொட்டு நான்கு பெட்டிக்கும் தெளித்தார். மயில் உறைக்குரிய பெட்டியின் முறை வந்தபோது செம்பில் மிச்சம் நிறைய இருந்திருக்க வேண்டும். பக்தியும் பெருகியிருக்க வேண்டும். அடுத்த நாள் அது உயிர் பெறவில்லை. பார்க்க வந்த திருத்துநர் பின்மூடியைக் கழற்றி, உள்ளே பார்த்து, மணந்து பார்த்து, “மஞ்சளோ?” என்று கேட்டார்.

அதிபருக்குப் போன உயிர் திரும்பி வர ஒரு கிழமை எடுத்தது. இனி அந்த அறையைத் திறப்பதே இல்லை என்று முடிவெடுத்தார். அந்த நேரம் பார்த்துத்தான் கடிதமும் வந்தது. பாவனையில் இல்லாத கணினிகளைப் பெரிய பாடசாலைகளுக்கு மாற்றப்போகிறார்கள். அடுத்த வருடம் முதலாம் தவணை முடிவதற்குள் ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். அலுவலகத்தில் கடிதத்தை வாசித்த அதிபரின் முகத்தில் ஓர் ஆறுதல் தெரிந்தது. பொறுப்புக் கழிந்துவிடும் அல்லவா.

“கொண்டு போகட்டும் ரீச்சர். எங்களுக்கும் நிம்மதி. பழுதாப்போனால் ஆர் பதில் சொல்லுறது?”

மூன்றாம் வகுப்பு ரீச்சர் எழும்பினார். “சேர், பிள்ளையள் ஒருத்தரும் தொடேல்லை. தொடாமலே ஒண்டு பழுதாப்போச்சுது. இனித் தொட்டால்தான் என்ன குறைஞ்சு போகும்?”

அதிபர் கடிதத்தை மடிக்கத் தொடங்கினார். ரீச்சர் விடவில்லை. “கொம்பியூட்டரும் போயிட்டுது எண்டு கேள்விப்பட்டால் நாளைக்கு இன்னும் ஆறு பிள்ளை வான் வண்டியிலை ஏறும். மிச்சப் பிள்ளையளின்ரை தொகையைக் காட்டிப் பள்ளிக்கூடத்தைப் பூட்டுவினம். வானுக்கு வழியில்லாததுகள் எங்கை போறது? ஒரு பெட்டியை என்ரை வகுப்புக்குத் தாங்கோ. உடைஞ்சால் நான் பொறுப்பு எண்டு எழுதித் தாறன்.” எழுதியும் கொடுத்தார். பொருட்பதிவேட்டில் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு, அன்றைக்கே தாமரை உறைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். உறையை அதிபரின் மேசையிலேயே மடித்து வைத்துவிட்டார்.

அடுத்த நாள் தொடங்கி, பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒரு மணித்தியாலம் நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். மவுஸ் மேசை விளிம்புக்கு வந்துவிட்டால் அதைத் தூக்கி நடுவில் வைக்கலாம் என்று அவருக்குத் தெரியாது. எழும்பிக் கதிரையை நகர்த்திக்கொண்டு போவார். கை நடுங்கும். எழுத்து ஒவ்வொன்றையும் விசைப்பலகையில் தேடிப் பிடிக்க வேண்டும். பிளாஸ்டரைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, தமிழ் எழுத்து எழுதி, விசைகளில் ஒட்டினார். ஒரு நாள் ஒரே விஷயத்தை நாலாம் தரமாகக் கேட்டபோது நான் முகத்தைச் சுளித்துவிட்டேன். அவர் மவுஸை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “நானும் இந்த முகத்தைத்தான் பிள்ளையளுக்குக் காட்டுறனான் போலை கிடக்கு. இனிக் காட்டேல்லை” என்றார். பிறகு ஐந்தாம் தரமும் கேட்டார். அன்றைக்குத்தான் எனக்கு அவரில் இருந்த கோபம் முற்றாகத் தீர்ந்தது.

நான் நினைத்திருந்தேன், அவர் கணினியை ஒரு பாடமாகப் படிப்பிக்கப் போகிறார் என்று. அவருடைய எண்ணம் வேறாக இருந்தது. “கொம்பியூட்டரைப் படிப்பிக்க எனக்குத் தெரியாது. கணக்குப் படிப்பிக்கத் தெரியும், சுற்றாடல் தெரியும், தமிழ் தெரியும். உந்தப் பெட்டி எனக்கு அதுக்கு உதவட்டும்” என்றார். ஒரு தும்புக் கயிற்றில் சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்டார். நுனியில் ஒரு கல்லைக் கட்டினார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடக் கிணற்றுக் கட்டுக்கு அப்பால் வரிசையில் நிறுத்திவிட்டு, தானே கயிற்றை இறக்கி, கல் அடியில் முட்டியதும் இழுத்தார். நனைந்த இடம் கறுத்துத் தெரியும். நனைந்த முடிச்சுகளைப் பிள்ளைகள் எண்ண வேண்டும். எண்ணியதை வகுப்பில் ஒருவர் மாறி ஒருவர் கணினியில் பதிய வேண்டும். பதிந்ததும் திரையில் ஒரு நீலக் கோடு எழும்பும். முதல் நாள் அந்தக் கோடு எழும்பியபோது பிள்ளைகள் போட்ட சத்தத்துக்கு அதிபர் ஓடி வந்துவிட்டார், ஏதோ உடைந்துவிட்டது என்று.

மாரி மழை தொடங்கியது. கோடுகள் ஒவ்வொரு கிழமையும் உயர்ந்தன. தங்கள் கிணற்றைப் பற்றி இரண்டு வரி தட்டச்சும் செய்தார்கள். கரண்ட் போவது அப்போது சாதாரணம். “கரண்ட் இல்லாட்டில் கொப்பியிலை, வந்தால் பெட்டியிலை” என்பது ரீச்சரின் சட்டம். கட்டம் போட்ட கொப்பியில் அதே கோடுகளைக் கீறி நிறம் தீட்டுவார்கள். ஆம், இவர்களும் நிறம் தீட்டினார்கள். ஆனால் எதைத் தீட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நாளில் தகப்பன்மார் சிலர் தோட்டத்தால் போகும் வழியில் யன்னலால் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். தண்ணீர்க் கதை என்றால் தோட்டக்காரன் நிற்காமல் போவானா? தை பிறந்ததும் மூன்றாம் வகுப்புக்கு வந்த புதுப் பிள்ளைகள் பழைய கோடுகளையும் கீறிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். மற்ற இரண்டு பெட்டிகளும் அறையை விட்டு வெளியே வந்தன, ஒன்று என் வகுப்புக்கு.

அதிகாரி வரும் நாள் வந்தது. காலையில் நாங்கள் போனபோது வகுப்புகளில் கணினிகள் இல்லை. முதல் நாள் நாங்கள் வீட்டுக்குப் போன பிறகு அதிபர் ஆளைப் பிடித்து மூன்றையும் பழையபடி அந்த அறைக்குக் கொண்டுபோய், தன் கையாலேயே பிளாஸ்டர் எழுத்துகளை உரித்துத் துடைத்து, தோய்த்து மினுக்கிய உறைகளைப் போட்டு, வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அவரில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. வீட்டுக்குப் பெரிய மனிதர் வரும்போது எங்கள் தாய்மார் செய்வதைத்தான் அவரும் செய்தார். ரீச்சர் அறை வாசலில் நின்று பார்த்தார். அவர் முகம் கறுத்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. திருப்பித் தூக்கவும் நேரம் இல்லை. படலையடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பெட்டியைப் போட்டாவது காட்டலாம் என்றால், அன்றைக்குப் பார்த்துக் காலை முதல் கரண்ட் இல்லை.

அதிகாரி உறைகளைத் தூக்கிப் பார்த்தார். “புதுசாத்தான் இருக்குது சேர்.”

“ஓம் சேர், ஒரு கீறல்கூட இல்லை” என்றார் அதிபர், பெருமையோடு.

“அப்ப ஒருத்தரும் தொடேல்லை” என்று சொல்லிவிட்டு அதிகாரி பேனையைத் திறந்து எழுதத் தொடங்கினார். அதிபரின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. தன் கையாலேயே பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டோம் என்று அந்தக் கணத்தில் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். ரீச்சர் உள்ளே வந்தார். தாமரை உறையை இழுத்து எறிந்தார், விசைப்பலகையின் வயரைப் பிடுங்கினார், அதைத் தூக்கி மேசையின் வெள்ளை விரிப்புக்கு மேல் கவிழ்த்துப் பிடித்து, முதுகில் இரண்டு அடி போட்டார். பொருட்பதிவேட்டில் அவர் பெயரில் இருந்த பொருள் அது.

விரிப்பில் வெண்கட்டித் தூள் கொட்டியது. பென்சில் சீவல், பிஸ்கட் துகள், ஒரு பிளாஸ்டர் துண்டு, பிறகு ஊதா நிறத்தில் வெங்காயச் சருகுகள். அதிபர் மேலால் துடைத்திருந்தார், உள்ளே துடைக்க அவருக்குத் தெரியாது. அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு சருகை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார்.

“காலமை வெங்காயம் உரிச்சுப்போட்டு வாற பிள்ளையள் சேர்” என்றார் ரீச்சர். மூச்சு வாங்கியது. “கையைக் கழுவு கழுவு எண்டு சொல்லிக் களைச்சுப் போனன். தொடேல்லை எண்டு எழுதுறதெண்டால், உதையும் சேர்த்து எழுதுங்கோ.”

அதிகாரி சிரித்துவிட்டார். பிறகு மூன்றாம் வகுப்புக்கு நடந்தார், நாங்கள் பின்னால் ஓடினோம். கட்டக் கொப்பிகளை வாங்கிப் பார்த்தார். முன்வாங்கில் இருந்த ஒரு சிறுமியிடம் கோடுகள் விழத் தொடங்கிய இடத்தைக் காட்டி, “இதென்ன, இந்த இடத்திலை குறையுது?” என்று கேட்டார். அவள் எழும்பி நின்றாள். மவுஸுக்குச் சிவப்பு அடித்து என்னிடம் பிழை வாங்கியவளின் தங்கச்சி அவள். “மழை விட்டிட்டுது சேர். பொங்கலுக்குப் பிறகு எல்லாரும் மெசின் போட்டு இறைக்கினம்” என்றாள்.

“உது ஆர் சொல்லித் தந்தது?”

“ஒருத்தரும் இல்லை. கோடு சொல்லுது.”

அதிகாரி தான் எழுதியிருந்த வரியை எங்கள் முன்னாலேயே வெட்டினார். கணினிகள் போகவில்லை. அவர் போன பிறகு அதிபர் அந்த விரிப்பைத் தட்ட மனமில்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சேட்டுப் பையில் இருந்த திறப்பை எடுத்து ரீச்சரிடம் நீட்டினார். “எனக்கு ஏன் சேர், பூட்டுறதுக்கு ஒண்டும் இல்லையே” என்றார் ரீச்சர். அடுத்த தை மாதம் இரண்டு பிள்ளைகள் வானிலிருந்து இறங்கி எங்களிடம் வந்தார்கள். பெரிய எண்ணிக்கை அல்லத்தான். ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் இன்றுவரை மூடப்படவில்லை.

எனக்கு மாற்றம் வந்தபோது எல்லோரும் சேலை, பேனை என்று தந்தார்கள். ரீச்சர் தந்தது இந்த மயில் உறை. “இது செத்த பெட்டியின்ரை உறை. உயிரோடை இருக்கிற ஒண்டுக்கும் போட்டிடாதையும்” என்றார். நான் சிரித்துக்கொண்டு வாங்கினேன். எனக்கேன் அந்தப் புத்தி, நான் அப்படிச் செய்வேனா என்று நினைத்தேன். இப்போது அதிபர் கதிரையில் இருந்து பார்க்கும்போதுதான் அந்தப் பழைய அதிபரை விளங்கிக்கொள்ள முடிகிறது. பயம் பதவியோடு சேர்த்துத் தரப்படும் பொருள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறோம். ரீச்சருக்கும் பயம் இருந்தது, மவுஸில் நடுங்கிய அந்தக் கையை நான் பக்கத்தில் இருந்து கண்டவள். அவர் பயந்துகொண்டே கையெழுத்து வைத்தார். நான் கையெழுத்து வைத்துவிட்டு இரண்டு மாதம் பயந்துகொண்டிருந்தேன்.

அன்று காலை உறையையும் ஒரு கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு நாலாம் வகுப்புக்குப் போனேன். இளம் ஆசிரியை எழும்பி நின்றாள். திறப்பு விழாவும் இல்லை, விளக்கும் இல்லை. பொலித்தீனை மேலிருந்து கீழே கிழித்தேன். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. இடைவேளை முடிந்து பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் வந்தவள் கையில் பாதி வாழைப்பழம். “தொடலாமோ ரீச்சர்?” என்றாள். தொடு என்றேன். திரையின் நடுவில் ஐந்து விரலும் பதிந்தன. ஆசிரியை பதறிப்போய்த் துடைக்கத் துணி தேடினாள். “விடும் பிள்ளை, அது கிடக்கட்டும். இனி வாறவை கையைத் துடைச்சிட்டுத் தொடட்டும்” என்று சொல்லி, மயில் உறையை வாசல் ஆணியில் கொழுவினேன்.

பின்னேரம் கரவெட்டிக்குத் தொலைபேசி எடுத்தேன். மூன்றாம் வகுப்பு ரீச்சர் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. நடந்ததைச் சொன்னேன். இரண்டு மாதம் மூடி வைத்திருந்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். ஏச்சு விழும் என்று காதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். அவர் ஏசவில்லை. உறை எங்கே என்று மட்டும் கேட்டார்.

“வாசல்லை கொழுவியிருக்கு ரீச்சர். பிள்ளையள் கை துடைக்கினம். தோகை இல்லாத பக்கம் முழுக்க வாழைக்கறை.”

வாழைக்கறை தோய்த்தாலும் போகாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

“தோய்க்கப் போறீரோ?” என்று கேட்டார்.

“இல்லை ரீச்சர்.”

“ஓம், தோய்க்காதையும்” என்றார்.